ஓவியத்தில் இருக்கும் அந்த ருமேனிய வாத்தியக்காரர்கள் யார்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். கேட்டவரிடம் ஒரு பழைய ஓவியத்தின் பிரதி இருக்கிறது. மீசை வைத்த, நீளமான அங்கி போட்ட சில ஆட்கள். ஒருவர் கையில் வயலின், ஒருவர் உதட்டருகே வரிசையாகக் கட்டிய குழல்கள், இன்னொருவர் மடியில் கழுத்து ஒடிந்தது போலப் பின்னால் மடிந்த ஒரு குண்டு வாத்தியம். அடியில் 'ருமேனிய நாட்டுப்புற இசைக்கலைஞர்கள்' என்று மட்டும் போட்டிருக்கிறது, ஓவியர் பெயர் இல்லை. இவர்கள் விவசாயிகளா, ஏன் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை, நிஜமாகவே இப்படி ஆட்கள் இருந்தார்களா அல்லது ஓவியர் தன் இஷ்டத்துக்கு வரைந்ததா என்பது கேள்வி.

விவசாயிகள் அல்ல. இவர்களை ருமேனியாவில் லவுதார்கள் என்பார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், சந்தை, சாராயக்கடை, பணக்காரர் வீட்டு விருந்து என்று எங்கே வாத்தியம் தேவைப்பட்டாலும் காசு வாங்கிக்கொண்டு வாசிக்கிற பரம்பரைத் தொழில்காரர்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ரோமா மக்கள், அதாவது ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்பு இந்தியாவின் வடபகுதியிலிருந்து கிளம்பி பாரசீகம், பைசாந்தியம் வழியாக பால்கன் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களின் வாரிசுகள். ருமேனிய விவசாயியும் பாடுவான், ஆட்டிடையன் புல்லாங்குழல் ஊதுவான், தோல்பை வைத்த ஊதுகுழலும் கிராமத்தில் உண்டு. ஆனால் அதெல்லாம் தனக்காகவும் தன் ஊருக்காகவும் வாசிப்பது. லவுதார் அடுத்தவருக்காக, அடுத்தவர் கேட்ட பாட்டை, அடுத்தவர் கொண்டாட்டம் முடிகிற வரைக்கும் வாசிக்கிறவர். ருமேனியக் கல்யாணம் என்றால் இரவு முழுக்க, விடிந்த பிறகும்கூட நடக்கும். அங்கே வாசிக்கிறவர் முகத்தில் சிரிப்பை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. உங்கள் படத்தில் இருப்பவர்கள் வேலையில் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

சரி, எந்தக் காலத்துப் படம்? இதற்கு வாத்தியங்களே சாட்சி. வயலின், குழல் வரிசை, கழுத்து மடிந்த அந்த வாத்தியம் மூன்றும் ஒரே குழுவில் இருந்தால் அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, இடம் புக்கரெஸ்ட் நகரமோ அதைச் சுற்றிய வலாக்கியாவோ, அல்லது வடகிழக்கே மொல்தாவியாவோதான். பின்னால் ஒன்றாகி ருமேனியா ஆன இரண்டு சிற்றரசுகள் இவை. குழுவுக்கு தராஃப் என்று பெயர். குழல் வரிசையின் பெயர் நை. மடியில் இருப்பது கோப்சா.

இந்தக் காலத்தை வரைந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கரோல் பாப் டி சத்மாரி. 1812-இல் திரான்சில்வேனியாவின் க்ளூஜ் நகரில் பிறந்து, புக்கரெஸ்டில் குடியேறி, 1887-இல் அங்கேயே காலமானவர். ஓவியர், லித்தோ (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) கலைஞர், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைப்படக்காரர். கிரிமியப் போர் நடந்தபோது ஒரு வண்டியையே இருட்டறையாக மாற்றிக்கொண்டு டான்யூப் போர்முனைக்குப் போய்ப் படம் எடுத்தவர், உலகின் ஆரம்பகாலப் போர்ப் புகைப்படக்காரர்களில் ஒருவர். 1855 பாரிஸ் கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பதக்கமும் கிடைத்தது. பின்னாளில் அரசவை ஓவியராகவும் இருந்தார். ஆனால் எனக்குப் பிடித்த சத்மாரி வேறு. புக்கரெஸ்ட் தெருக்களில் கூவி விற்கிறவர்கள், கிராமத்துப் பெண்கள், வாத்தியக்காரர்கள் என்று சாதாரண ஆட்களை உட்கார வைத்து எடுத்தவர், வரைந்தவர். ஓக்கி-அல்பி என்பவரின் தராஃபை அவர் 1860-இல் நீர்வண்ணத்தில் வரைந்த படம்தான் லவுதார்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக் காட்டப்படுவது. உங்களிடம் இருப்பது அதன் பிரதியாகவோ, அதைப் பார்த்து வேறு யாரோ வரைந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓவியர் இஷ்டத்துக்கு வரைந்ததா என்ற சந்தேகத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். சத்மாரிக்குப் புகைப்படக்காரரின் கண். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு ஆள் சில விநாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும், வாசிக்கிற கையை வாசிக்கிற மாதிரியே பிடிக்க முடியாது. அதனால் புகைப்படத்தில் கிடைக்காததை, அதாவது நிறத்தையும் அசைவையும், வில்லும் விரலும் நிற்கிற இடத்தையும், வண்ணத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓவியர்கள் சும்மா அழகுக்காகச் சேர்க்கிற பொருட்கள் அவர் படங்களில் குறைவு என்பது என் அபிப்பிராயம். அவருக்கு முன்னால் வந்துபோன வெளிநாட்டுப் பயணிகள் வரைந்ததில் கிழக்கத்திய மோகம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

கோப்சாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் பார்க்கிறவர்கள் அதைப் பெரும்பாலும் கிட்டார் என்றோ மாண்டலின் என்றோ நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அரபு, துருக்கி நாடுகளின் ஊத் வாத்தியத்துக்கு நெருங்கிய உறவு அது. வயிறு உருண்டை, மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்டியது. கழுத்து மிகக் குட்டை, தந்திகளைக் கட்டுகிற முனை ஏறக்குறைய செங்குத்தாகப் பின்னால் மடிந்திருக்கும். உங்களுக்கு அது ஒடிந்தது போலத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். மெட்டுக்கட்டைகள் கிடையாது. தந்திகள் நான்கு தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோ சேர்ந்து ஓடும். மீட்டுவதற்கு வாத்தின் இறகு. உங்கள் பிரதி நன்றாக அச்சாகியிருந்தால் வலது கை விரல்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு சின்னக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள், இருந்தால் அது இறகுதான். கோப்சாக்காரர் ராகத்தை வாசிப்பதே அபூர்வம், அவருடைய வேலை தாளமும் அடிச்சுரமும். ஆடுகிறவர்களின் கால் தப்பாமல் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான், ஆனால் பெயர் கிடைப்பது வயலின்காரருக்கு. குழுவுக்குத் தலைவரும் வழக்கமாக வயலின்காரரே, சம்பளம் பேசுகிறவரும் அவரே.

நை வேறு விதம். நாணலையோ மூங்கிலையோ வெட்டி, நீளத்திலிருந்து குட்டைக்கு வரிசைப்படுத்தி, லேசாக வளைத்து ஒட்டியது. இருபதோ அதற்குச் சற்று மேலோ குழல்கள் இருக்கும். அடிப்பக்கம் அடைத்திருக்கும், உள்ளே தேன்மெழுகைப் போட்டுச் சுருதியைச் சரிசெய்வார்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு சுரம்தான், அப்படியானால் இடைப்பட்ட அரைச்சுரங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பீர்கள். வாத்தியத்தைச் சாய்த்து, தாடையை லேசாக அசைத்து, உதட்டால் குழலின் வாயை கொஞ்சம் மூடினால் சுரம் இறங்கும். அதை ஓடுகிற நடனப் பாட்டின் நடுவில் செய்ய வேண்டும். இந்தக் கலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட அழியும் நிலைக்குப் போய்விட்டது. ஃபானிக்கா லுக்கா என்ற லவுதார் அதைப் பிடித்து வைத்திருந்து, பிறகு புக்கரெஸ்டில் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்தான் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கேயோர்கே சம்ஃபீர். நம்மில் பலர் சம்ஃபீரின் குழலை எங்கேயாவது ஒரு திரைப்படத்திலோ லிஃப்டிலோ கேட்டிருப்போம், அதற்கு இப்படியொரு முன்கதை இருப்பது தெரியாமலே.

இனி அந்தத் தலைப்பில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

வலாக்கியாவிலும் மொல்தாவியாவிலும் ரோமா மக்கள் அடிமைகள். உவமையாகச் சொல்லவில்லை, சட்டப்படி அடிமைகள். 1385-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் திஸ்மானா மடத்துக்கு ரோமா குடும்பங்களைத் தானமாகக் கொடுத்த குறிப்பு இருக்கிறது. அதிலிருந்து சுமார் ஐந்நூறு வருடம் அரசருக்குச் சொந்தமானவர்கள், மடங்களுக்குச் சொந்தமானவர்கள், பொயார் என்ற நிலப்பிரபுக்களுக்குச் சொந்தமானவர்கள் என்று மூன்று வகையாகப் பிரிந்து கிடந்தார்கள். விற்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம், கடனுக்கு ஈடாகத் தள்ளலாம். கொல்லர், சமையல்காரர், தையல்காரர் போலவே வாத்தியக்காரரும் ஒரு சொத்து. 1558-இல் வலாக்கியாவின் ஆட்சியாளர் மிர்ச்சா சொபானுல், ருஸ்தே என்ற லவுதாரை மொல்தாவியாவின் பெரிய அதிகாரி ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். ரோமா லவுதார்களைப் பற்றிய மிகப் பழைய எழுத்துப் பதிவுகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது இதுதான். ஒரு கலைஞனின் பெயர் வரலாற்றில் ஏறுவதே அவனை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த ரசீது மூலமாக!

நல்ல தராஃப் வைத்திருப்பது பொயார்களுக்குக் கௌரவம். விருந்தாளி வந்தால் தன் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். அதே சமயம் எல்லா லவுதார்களும் கட்டுண்டு கிடந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. நகரங்களில் சுதந்திரமாகத் தொழில் செய்தவர்களும் உண்டு, அவர்களுக்குச் சங்கமும் இருந்தது, வலாக்கியாவில் முதல் லவுதார் சங்கம் 1775-இல் ஏற்பட்டது. ஸ்தாரோஸ்தே எனப்படும் தலைவர் வேலையைப் பிரித்துக் கொடுப்பார், சண்டையைத் தீர்ப்பார்.

விடுதலை ஒரே நாளில் வரவில்லை. 1840-களில் அரசு அடிமைகளுக்கும் மடத்து அடிமைகளுக்கும் வந்தது. தனியார் வைத்திருந்தவர்களுக்கு மொல்தாவியாவில் 1855 டிசம்பரிலும் வலாக்கியாவில் 1856 பிப்ரவரியிலும்தான் வந்தது, அதுவும் உடைமையாளர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து. அடிமைகளாக இருந்தவர்களுக்கு நஷ்டஈடு எதுவும் கிடையாது. சத்மாரியின் நீர்வண்ணப் படம் 1860. நடுவில் நான்கே வருடம். அந்தத் தலைமுறை ரோமா வாத்தியக்காரர்களில் பெரும்பகுதி அடிமைகளாகப் பிறந்தவர்கள் அல்லது அடிமைகளின் பிள்ளைகள். நடுத்தர வயதில் ஒரு முகத்தை அந்தப் படத்தில் பார்க்கிறீர்கள் என்றால், இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த அங்கிகளையும் இதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். கணுக்கால் வரை வரும் உள்ளங்கி, அதற்கு மேல் சில சமயம் ஓரத்தில் மென்மயிர் வைத்த மேலங்கி, இடுப்பில் அகலமான துணிப்பட்டை. இது கிராமத்து உடையே அல்ல. இஸ்தான்புல்லைப் பார்த்து பொயார்கள் உடுத்திய பழைய நகரத்துப் பாணி. 1830-களுக்குப் பிறகு பொயார் வீட்டு இளைஞர்கள் பாரிஸ் கோட்டுக்கு மாறிவிட்டார்கள், பழைய நாகரிகம் அவர்களுடைய வாத்தியக்காரர்களின் உடம்பில் கொஞ்ச காலம் தங்கியிருந்தது.

அந்த உலகத்தின் பெரிய பெயர் பார்பு லவுதாரு. 1780 வாக்கில் பிறந்தவர், மொல்தாவியாவின் யாஷ் நகரத்துக்காரர், கோப்சாவும் வயலினும் வாசிப்பார், பாடுவார், அங்கே பல பத்தாண்டுகள் சங்கத் தலைவராக இருந்தவர். நீள அங்கியும் தாடியுமாக அவருடைய உருவப்படமும் பரவலாகக் கிடைக்கிறது. 1847 ஜனவரியில் பியானோ மேதை ஃப்ரான்ஸ் லிஸ்ட் யாஷுக்கு வந்து கச்சேரி செய்தார், பல்ஷ் என்ற பொயார் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். அங்கே பார்புவின் தராஃபைக் கேட்டு, பதிலுக்குத் தானும் பியானோவில் கற்பனையாக ஒன்றை வாசித்தாராம், கிழவர் ஒருமுறை கேட்டதை அப்படியே வயலினில் திருப்பி வாசித்தாராம். விரிவான வடிவத்தில் இந்தக் கதை அச்சில் வந்தது 1874-இல், அதுவும் ஒரு பாரிஸ் பத்திரிகையில், அதற்குள் பார்பு இறந்து பல வருடம். அதனால் அலங்காரத்தைக் கழித்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனால் காதால் ஒருமுறை கேட்டதைத் திருப்பி வாசிப்பது லவுதார்களுக்குப் பிழைப்பே அதுதான் என்பதால், நடந்திருக்கவே முடியாது என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இவர்களுக்குச் சுரம் எழுதிப் படிக்கிற பழக்கம் இல்லை. அப்பா, மாமா, அண்ணன் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். தொழிலை யாரும் கற்றுத் தருவதில்லை, திருடித்தான் எடுக்க வேண்டும் என்று ருமேனியாவில் ஒரு பேச்சு உண்டு, லவுதார்கள் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

ஓவியர்கள் பக்கம் திரும்பினால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படம் கொஞ்சம் மாறுகிறது. ருமேனியா என்ற புது நாடு உருவாகிறது, அதற்கு ஒரு முகம் தேவைப்படுகிறது, அந்த முகமாக விவசாயி தேர்ந்தெடுக்கப்படுகிறான். தியோடோர் ஆமான், நிக்கோலாயே கிரிகோரெஸ்கு போன்றவர்களின் படங்களில் வெள்ளைச் சட்டைப் பெண்கள், மாட்டுவண்டி, இடையச் சிறுவர்கள், கைகோத்து வட்டமாக ஆடும் ஹோரா எல்லாம் முன்னுக்கு வருகின்றன. இந்த மாதிரி நடனக் காட்சிகளில் லவுதார் பெரும்பாலும் கூட்டத்துக்குள் சின்னதாக ஒரு உருவம். கொண்டாட்டத்தை நடத்துகிறவரே கொண்டாட்டத்தின் படத்தில் ஓரத்துக்குப் போய்விடுகிறார். உங்கள் படத்தில் வாத்தியக்காரர்களே முழுச் சட்டகத்தையும் நிறைத்து நிற்பதால்தான் அதற்கு மதிப்பு என்பேன்.

இதற்கு விலக்கு ஷ்டெஃபான் லுக்கியான். மோஷ் நிக்கோலாயே என்ற வயதான கோப்சாக்காரரைத் தனி ஆளாக, பெயரோடு வரைந்தார். தாத்தா நிக்கோலாயே என்கிற மாதிரி மரியாதையான அழைப்பு அது. அதில் திருவிழாவும் இல்லை, ஆட்டமும் இல்லை, களைத்துப்போன ஒரு முதியவர், அவ்வளவுதான். லுக்கியானுக்கே நரம்பு நோய் வந்து, கடைசி வருடங்களில் படுக்கையிலேயே கிடந்து, 1916-இல் இறந்தார். அவர் படுத்திருந்தபோது ஜார்ஜ் எனெஸ்கு வயலினை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் வாசித்துவிட்டு வந்தார் என்று சொல்வார்கள். அந்த எனெஸ்கு, ருமேனியாவின் மிகப் பெரிய இசையமைப்பாளர், சிறுவயதில் முதலில் வயலின் பிடிக்கக் கற்றது ஒரு ரோமா லவுதாரிடம்தான், சுரம் தெரியாத, காதை மட்டும் நம்பிய ஒரு மனிதரிடம். பிறகு வியன்னா, பாரிஸ் என்று போய்ப் படித்தார். 1940-இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய தன் சிறுவயது நினைவுகள் பற்றிய தொகுப்பின் முதல் பகுதியே தெருவில் வாசிக்கும் ஒரு லவுதாரைப் பற்றியது.

கோப்சாவும் நையும் பிறகு என்ன ஆயின? 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ட்சம்பால் வந்தது, குச்சியால் தந்திகளைத் தட்டி வாசிப்பது, கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிற அளவுக்குச் சின்னதாகவும் கிடைத்தது. சத்தம் அதிகம், கோப்சாவின் இடத்தை மெதுவாகப் பிடித்துக்கொண்டது. பிறகு பெரிய பாஸ் வாத்தியம், பிறகு அக்கார்டியன். ஆகவே ஒரு படத்தில் அக்கார்டியன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 20-ஆம் நூற்றாண்டு என்று சொல்லலாம். மூன்று தந்தி மட்டும் போட்டு, எல்லாத் தந்தியும் ஒரே நேரத்தில் ஒலிக்கத் தட்டையான பாலம் வைத்த வயோலா இருந்தால் அது திரான்சில்வேனியா. வயலினில் மரப்பெட்டிக்குப் பதிலாக உலோகக் கொம்பு இருந்தால் அது ருமேனியாவின் வடமேற்கே உள்ள பிஹோர் வட்டாரம், வேறெங்கும் தேட வேண்டாம்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது, இது கொஞ்சம் கசப்பானது. படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி பூவேலைச் சட்டை, சிவப்பு இடுப்புக் கச்சை, சலவை செய்த வெள்ளைக் கால்சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றால் அது பெரும்பாலும் கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்து ரசனை. அரசு பெரிய பெரிய நாட்டுப்புற இசைக்குழுக்களை அமைத்தது, 1949-இல் தொடங்கிய ஒன்றுக்கு பார்பு லவுதாரு என்றே பெயர் வைத்தார்கள். வாசித்தவர்களில் பலர் அதே ரோமா லவுதார் குடும்பத்தவர்கள், சம்பளமும் நிலையாகக் கிடைத்தது. ஆனால் மேடையில் ருமேனிய விவசாயி உடை போட வேண்டும், ரோமா என்ற பேச்சே எழக்கூடாது. இசைக்கு இடம் கொடுத்து ஆளை மறைத்த கதை.

கிராமங்களில் பழைய பாணி அதற்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. புக்கரெஸ்டுக்குத் தென்மேற்கே இருக்கும் க்ளெஜானி ஊர் லவுதார்களை 1990-களில் ஐரோப்பா முழுக்கக் கேட்டது. அவர்களில் மூத்தவரான நிக்கோலாயே நெயாக்ஷு, வயலின் தந்தியில் குதிரைவால் முடி ஒன்றைக் கட்டி, பிசின் தடவிய விரல்களால் அந்த முடியை உருவி உருவி ஒரு முனகல் ஒலியைக் கொண்டுவருவார், அதன் மேலேயே பாடுவார். 2002-இல் இறந்தார். அவர் வாசிக்கிற வீடியோ இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். விரல்கள் அப்படி ஓடும்போதும் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னைவிட அவர் நன்றாகப் பதில் சொல்வார். பாட்டு பிடித்துப் போனால் விருந்தாளி ரூபாய் நோட்டு மாதிரி ஒரு லேய் நோட்டை எடுத்து வாத்தியக்காரரின் நெற்றியிலேயே ஒட்டுவது அங்கே பழைய வழக்கம். பழைய படங்களில் வயலின் தலைப்பக்கம் காகிதம் போல ஏதாவது செருகியிருந்தால், அதுவும் காசாக இருக்கலாம்.

உங்கள் பிரதியைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது இதுதான். சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றி, கீழ் மூலைகளில் கையெழுத்தோ வருடமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வரிசையான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலத்து ஆஃப்செட் அச்சு, புத்தகத்திலிருந்தோ நாட்காட்டியிலிருந்தோ வெட்டியிருப்பார்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல், சாக்பீஸ் தேய்த்த மாதிரி இருந்தால் பழைய லித்தோவாக இருக்கலாம், அப்படியானால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், டேப் ஒட்டாதீர்கள். பின்பக்கத்தையும் கோப்சாக்காரரின் வலது கையையும் நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.